கேட்டா சொல்றோம்: பேத்தி கண்ணு, பாட்டி கை, கேரமல் ஓட்ஸ் பார்

லீவு விட்டதும் வர்ற லெட்டர்ல பாதி இந்த கேரமல் ஓட்ஸ் பார் பத்திதான். புள்ளைங்க போன்ல வீடியோ பாத்துட்டு அம்மாவ நச்சரிக்குதுங்க, அம்மா நமக்கு எழுதுறாங்க. சரி, இந்த வாரம் முழுக்க இதையே வெச்சுக்குவோம். மோர்க்குழம்பு ஏன் திரியுதுன்னு கேட்டவங்க அடுத்த வாரம் வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.

கேள்வி: அக்கா, எங்க வீட்ல சின்ன ஓடிஜி ஓவன் இருக்கு, ரெண்டு பசங்களும் நானும் சேந்து பண்ணலாம்னு இருக்கோம். அளவு மட்டும் கரெக்டா சொல்லுங்க, வீடியோல ஆளாளுக்கு ஒண்ணு சொல்றாங்க.
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: எட்டு இன்ச் சதுர ட்ரேக்கு சொல்றேன், எழுதிக்குங்க. ஓட்ஸ் ஒன்றரை கப், மைதா ஒரு கப் (கோதுமை மாவும் போடலாம், கொஞ்சம் சொரசொரன்னு வரும், எனக்கு அதுதான் பிடிக்கும்), நாட்டுச் சக்கரை முக்கால் கப், உருக்கின பட்டர் 150 கிராம், சோடா உப்பு அரை டீஸ்பூன். இது மாவுக்கு. கேரமலுக்கு வெள்ளச் சக்கரை 200 கிராம், தண்ணி கால் கப், பட்டர் 60 கிராம், ஃப்ரெஷ் க்ரீம் அரை கப், மைதா ரெண்டு டேபிள்ஸ்பூன். நாம சாதாரணமா வாங்குற அமுல் பட்டர்ல ஏற்கெனவே உப்பு இருக்கு, அதனால தனியா உப்பு போடாதீங்க, வீடியோல வெளிநாட்டுக்காரங்க ஒரு சிட்டிகை போடுறாங்களேன்னு நீங்களும் போட்டா கரிக்கும். ஓட்ஸ் பாக்கெட்ல ரோல்டு ஓட்ஸ்னு இருக்கணும், இன்ஸ்டன்ட் ஓட்ஸ் பட்டர் பட்டதுமே மாவாயிடும். மசாலா ஓட்ஸ் போடலாமான்னு ஒருத்தர் கேட்டிருக்காங்க, அவங்களுக்கு என் கும்பிடு.

மாவு சாமான் எல்லாத்தையும் கையாலயே உதிரியா பிசறிக்குங்க. அதுல மூணுல ரெண்டு பங்க பட்டர் பேப்பர் போட்ட ட்ரேல அழுத்தி, 175 டிகிரில சூடு பண்ணி வெச்ச ஓவன்ல பத்துப் பன்னெண்டு நிமிஷம், மேல லேசா பொன்னிறம் வர்ற வரைக்கும். வெளிய எடுத்து கேரமல (காய்ச்சுற விதம் அடுத்த பதில்ல இருக்கு) ஊத்தி, மீதி மாவ மேல உதுத்து விட்டு, இன்னொரு இருபது நிமிஷம். அவ்ளோதான். பட்டர் பேப்பர் வாங்கும்போது பேக்கிங்குக்குன்னு கேட்டு வாங்குங்க, மெழுகு பூசின பேப்பரையும் அதே பேர் சொல்லித்தான் கடையில குடுக்குறாங்க, அது ஓவன்ல போனா மெழுகு உருகி பார்ல ஒட்டிக்கும்.

கேள்வி: கேரமல் பண்ணும்போது ஒரு தடவ சக்கரை பூத்து கல்கண்டு ஆயிடுது, இன்னொரு தடவ நல்லா வந்துச்சுன்னு நெனச்சா ஆறினதும் கல்லு ஆகி மாமனார் பல்லே போயிருக்கும். எங்க அத்தை கூடவே நின்னு "இது பாகு, எனக்குத் தெரியாததா"ன்னு சொல்றாங்க, அவங்கள விட்டா சக்கரை நிறம் மாறுறதுக்குள்ள அடுப்ப அணைச்சிடுறாங்க. என்னதான் பண்றது?
– வாசகி, திருப்பாதிரிப்புலியூர், கடலூர்

பதில்: உங்க அத்தை சொல்றதுல முக்கால்வாசி சரி, கால்வாசிதான் தப்பு. அந்தக் கால்வாசிலதான் எல்லாரும் மாட்டிக்கிறாங்க, அதனால இத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன்.

கேரமல்ல ரெண்டு கட்டம் இருக்கு. முதல் கட்டம் நிறம், ரெண்டாவது கட்டம் பதம். நம்ம ஊரு பலகாரத்துல முதல் கட்டமே கிடையாது. அதிரசமோ கடலை மிட்டாயோ பொரி உருண்டையோ, வெல்லம் தன் நிறத்தோடயே வருது, நாம பதம் மட்டும்தான் பாக்குறோம். வெள்ளச் சக்கரைப் பாகு வெச்சா அது நிறம் மாறவே கூடாது, மாறினா கருகிடுச்சுன்னு அர்த்தம். அம்பது வருஷம் அப்படியே பழகின கை, தேன் நிறம் வந்ததும் தானா அடுப்ப அணைக்கத்தான் செய்யும். ஆனா கேரமலுக்கு அந்தக் கருகலோட ஆரம்பம்தான் வேணும். சக்கரையும் தண்ணியும் கொதிச்சு, தண்ணி வத்தி, சூடு 170 டிகிரிய ஒட்டிப் போகும்போது தேன் நிறம் தாண்டி, நல்லா டிகாக்‌ஷன் ஊத்தின டீ மாதிரி செவப்பு வரும், வாசனை இனிப்புலேர்ந்து லேசா கசப்புக்குப் போகும், அப்பதான் அடுப்ப சிம்ல வெச்சு வெதுவெதுப்பான க்ரீம ஊத்தணும். இந்தக் கட்டத்துக்கு வீடியோ பாத்த உங்க பொண்ணோட கண்ணு போதும். தள்ளி நின்னு பாத்து "இப்போ"ன்னு அவ சொல்லட்டும், கரண்டிய அத்தை பிடிக்கட்டும்.

க்ரீம் ஊத்தினதும் பொங்கும், பயப்படாதீங்க, அதுக்காகத்தான் பெரிய பாத்திரம் வெக்கச் சொல்றது. ஃப்ரிட்ஜ்லேர்ந்து எடுத்த சில்லுன்னு இருக்குற க்ரீம ஊத்தினா தெறிக்கும், சக்கரையும் கட்டி தட்டிடும். க்ரீமும் பட்டரும் போனதும் சூடு குறைஞ்சிடும், இனிமே கொதிக்க விட்டு பதம் பாக்கணும், இங்கேர்ந்து அத்தை ராஜ்ஜியம். கிண்ணத்துல பச்சத் தண்ணி வெச்சு ஒரு சொட்டு விடச் சொல்லுங்க. கரைஞ்சு போனா ஆகல. விரலால உருட்டினா மெத்துன்னு உருண்டை வரணும், அதிரசப் பாகுக்குப் பாக்குற அதே பதம், கணக்குச் சொன்னா 115லேர்ந்து 118 டிகிரி. கிண்ணத்துல போட்டா "டங்"னு சத்தம் வந்தா அது கடலை மிட்டாய்ப் பதம், 150 டிகிரி பக்கம் போயாச்சு, மாமனார் பல்லுக்கு ஆபத்து. இன்னொண்ணு, ட்ரே மறுபடியும் ஓவனுக்குள்ள போகுதுல்ல, அங்கயும் கேரமல் இறுகும், அதனால உருண்டை ரொம்ப எளசா இருக்கும்போதே இறக்கிடணும். இறக்கி அஞ்சு நிமிஷம் ஆறினதும் அந்த ரெண்டு ஸ்பூன் மைதாவ தூவி கட்டி இல்லாம கலக்கி விட்டா ஓரத்துல வழியாம நிக்கும்.

பூத்துப் போறதுக்குக் காரணம் கரண்டி. சக்கரை கரையுற வரைக்கும்தான் கிண்டணும், கொதி வந்தப்புறம் க்ரீம் ஊத்துற வரைக்கும் கரண்டிய உள்ள விடவே கூடாது, பாத்திரத்த லேசா சுத்திச் சுத்தி விட்டா போதும். ஓரத்துல ஒட்டியிருக்குற சக்கரைத் துகள் ஒண்ணு உள்ள விழுந்தாலும் அதப் பிடிச்சுக்கிட்டு மொத்தமும் படிகமாயிடும், அதனால பிரஷ்ஷ தண்ணில நனைச்சு ஓரத்தத் துடைச்சு விடுங்க. ஜாமூன் பாகுக்கு எலுமிச்சை ரெண்டு சொட்டு விடுவோம்ல, அத இங்கயும் விடலாம். அந்தப் புளிப்பு சக்கரைல கொஞ்சத்த குளுக்கோஸ், ஃப்ரக்டோஸ்னு ரெண்டா உடைச்சிடும், அது மூணும் கலந்து கிடந்தா படிகம் சேர வழியில்ல. இது ஏன்னு அத்தைக்குத் தெரியாம இருக்கலாம், ஆனா எலுமிச்சை விடணும்னு அவங்களுக்கு எப்பவோ தெரியும்.

கேள்வி: ஓவன் இல்ல. குக்கர்ல பண்ணலாமா?
– வாசகர், முத்தியால்பேட்டை, புதுச்சேரி

பதில்: காலி குக்கர தண்ணி இல்லாம மணிக்கணக்கா சூடு பண்றது குக்கருக்கு நல்லதில்ல, அதுக்குப் பதிலா அடி கனமான பழைய இரும்புச் சட்டில கல்லுப்பு பரப்பி, மேல ஸ்டாண்டு வெச்சு, மூடி போட்டு பத்து நிமிஷம் சூடேத்தி அதுல ட்ரேய வெக்கலாம். அடி வேகும், மேல நிறம் வராது, அத எதிர்பாக்காதீங்க.

என்னக் கேட்டா பேக்கிங்கே வேணாம். மைதாவும் சோடா உப்பும் விட்டுடுங்க. ரெண்டு கப் ஓட்ஸ ரெண்டு ஸ்பூன் நெய்ல வாசனை வர்ற வரைக்கும் சிம்ல வறுங்க, அவசரப்பட்டா வெளிய செவந்து உள்ள பச்சையா இருக்கும். கேரமல மேல சொன்னதவிட ஒரு பிடி கூட, 120 டிகிரிக்கு, உருண்டை கொஞ்சம் கெட்டியா வர்ற வரைக்கும் காய்ச்சி, சூட்டோட கொட்டிக் கலந்து ட்ரேல அழுத்திட வேண்டியதுதான். இதுக்கும் பொரி உருண்டைக்கும் என்ன வித்தியாசம்னு உங்க வீட்டுப் பெரியவங்க கேப்பாங்க. சதுரமா வெட்டுறோம், அவ்ளோதான் வித்தியாசம்.

கேள்வி: நாலு வயசுல ஒண்ணு, ஒம்பது வயசுல ஒண்ணு. ரெண்டும் "நான் நான்"னு சண்டை. யாருக்கு என்ன வேலை குடுக்குறது?
– வாசகி, லாஸ்பேட்டை, புதுச்சேரி

பதில்: சின்னதுக்கு மாவு பிசறுற வேலையும் ட்ரேல அழுத்துற வேலையும். ஒரு டம்ளரோட அடில நெய் தடவிக் குடுங்க, அத வெச்சு அழுத்தினா சமமா வரும், புள்ளைக்கும் ஒரு சாமான் கையில கெடச்ச சந்தோஷம். பெருசுக்கு அளக்குறதும் டைமர் வெக்கிறதும் நிறம் பாக்குறதும், ஆனா அடுப்புலேர்ந்து ஒரு கை தூரம் தள்ளி ஸ்டூல் போட்டு. அடுப்பு வேலை பெரியவங்களுக்கு மட்டும்தான், இதுல கெஞ்சினாலும் எறங்கி வராதீங்க. கொதிக்கிற தண்ணி 100 டிகிரி, கேரமல் 170, அதோட தண்ணி வழிஞ்சு போயிடும், பாகு தோல்ல ஒட்டிக்கிட்டு உள்ள வேக வெக்கும். அப்படித் தப்பித்தவறி பட்டுட்டா உடனே குழாயத் தொறந்து ஓடுற தண்ணில இருபது நிமிஷம் வெச்சிடுங்க. இங்க், பேஸ்ட், காப்பித்தூள், ஐஸ் எதுவும் வேணாம். கொப்பளம் பெருசா வந்தாலோ முகத்துல கையில பட்டிருந்தாலோ நேரா ஆஸ்பத்திரி. நாலு வயசுப் புள்ளைக்கு முழு முந்திரி முழு கடலை போட்ட பார் குடுக்காதீங்க, தொண்டையில அடைச்சுக்கும், பொடிச்சுப் போடுங்க.

கேள்வி: சக்கரைக்குப் பதிலா வெல்லத்துலயே கேரமல் பண்ணலாமா? க்ரீம் ஊத்தினேன், திரிஞ்சு போச்சு.
– வாசகி, நெல்லிக்குப்பம்

பதில்: 1840கள்லேர்ந்து சக்கரை ஆலை ஓடுற ஊர்ல உக்காந்துக்கிட்டு வெல்லம் கேக்குறீங்க, பலே. வெல்லத்துல புளிப்பு உண்டு, சூட்டோட பால் சாமான் சேந்தா திரியும், பாயசத்துல ஆற வெச்சு பால் ஊத்துறது இதுக்குத்தான். வெல்லம்னா க்ரீம விட்டுட்டு கெட்டித் தேங்காப்பால் முதல் பால் ஊத்துங்க, வெல்லத்தக் கரைச்சு வடிகட்டிட்டு அப்புறம் பாகு வைங்க, மண்ணு இல்லாம இருக்கும். நிறம் பாக்க முடியாது, பதம் மட்டும்தான், அதனால பாட்டிமார் உள்ள வீட்டுக்கு இதுதான் சுலபம். ருசி கேரமல் கிடையாது, கிட்டத்தட்ட தேங்காப்பால் அல்வா வாசனை, எனக்கு இதுவே மேல்.

கேள்வி: எங்க ஊரு முந்திரி போட்டா நல்லா இருக்குமா?
– வாசகர், பண்ருட்டி

பதில்: இதுக்கு ஒரு லெட்டரா! முழு முந்திரி வாங்கி ஒடைக்காதீங்க, கடையில உடைஞ்ச பருப்பு விலை கம்மி, அதுவே போதும். வறுத்துட்டு மேல் மாவோட கலந்துடுங்க.

கேள்வி: பண்ண அன்னைக்கு நல்லா இருக்கு, மறுநாள் பிசுபிசுன்னு கசிஞ்சு பேப்பரோட ஒட்டிக்குது. கடல் பக்கம் இருக்குறதாலயா?
– வாசகி, தேவனாம்பட்டினம், கடலூர்

பதில்: அதேதான். கேரமல் காத்துல இருக்குற ஈரத்த இழுத்துக்கும், நம்ம கரையோரத்துல அதுக்குப் பஞ்சமே இல்ல, ஐப்பசி கார்த்திகைல கேக்கவே வேணாம். நல்லா ஆறினப்புறம் ஒவ்வொண்ணா பட்டர் பேப்பர்ல சுத்தி காத்துப் போகாத டப்பால வைங்க. சூடா இருக்கும்போதே மூடினா ஆவி வேர்த்து அதுவே கசிய வெச்சிடும். ஃப்ரிட்ஜ்ல வெச்சா வெளிய எடுத்ததும் டப்பாவத் தொறக்காதீங்க, வீட்டுச் சூட்டுக்கு வந்தப்புறம் தொறங்க, இல்லன்னா வெளிக்காத்து பட்டு பார் மேலயே தண்ணி கோக்கும். மழைக்காலத்துல பதத்த ஒரு ரெண்டு டிகிரி கூட விடுங்க.

வெட்டுறதுக்கும் இங்கயே சொல்லிடுறேன், நெறைய பேர் கேட்டிருக்காங்க: ட்ரேய வெளிய எடுத்து ரெண்டு மணி நேரம் தொடக் கூடாது. புள்ளைங்க சுத்திச் சுத்தி வரும், ஓரத்துல உதிந்தத குடுத்து சமாளிங்க. கத்தில நெய் தடவி, இழுக்காம மேலேர்ந்து அழுத்தி வெட்டணும்.

கேள்வி: அப்பாவுக்கு சுகர். ஓட்ஸ்தானே, ஒரு பீஸ் சாப்பிடலாமா?
– வாசகி, வில்லியனூர், புதுச்சேரி

பதில்: ஓட்ஸ்ல இருக்குற பீட்டா குளுக்கன்ங்கிற நார்ச்சத்து நல்லதுதான், ஆனா இதுல சக்கரை 200 கிராம், அதுபோக நாட்டுச் சக்கரை, மைதா. நாட்டுச் சக்கரையும் சக்கரைதான். ஓட்ஸ் பேர வெச்சு மனசத் தேத்திக்காதீங்க. சின்னத் துண்டு குடுக்கலாமா வேணாமான்னு அவரப் பாக்குற டாக்டர்தான் சொல்லணும்.

கேள்வி: இவ்ளோ கஷ்டம் எதுக்கு, கண்டென்ஸ்டு மில்க் டின்ன அப்படியே தண்ணில போட்டு வேக வெச்சா கேரமல் ஆயிடுமாமே?
– வாசகர், கடலூர் ஓல்டு டவுன்

பதில்: ஆகும், ஆனா மூடின டின்ன அடுப்புல வேக வெக்காதீங்க, தண்ணி வத்தினா வெடிக்கும், இழுத்துத் தொறக்குற மூடி உள்ள டின்னு இன்னும் மோசம். டின்னத் தொறந்து அந்தப் பால, மூடி உள்ள எவர்சில்வர் டப்பால பாதிக்கு மேல போகாம ஊத்தி, குக்கர்ல ரெண்டு டம்ளர் தண்ணி விட்டு உள்ள வெச்சு, முதல் விசில் வந்ததும் சிம்ல அரை மணி நேரம். பிரஷர் தானா எறங்கின பிறகு தொறங்க. இதுல நிறமும் பாக்க வேணாம், பதமும் பாக்க வேணாம், ஆனா இனிப்பு மட்டும்தான் இருக்கும், அந்த லேசான கசப்பு வராது. ஆறினதும் கட்டி இல்லாம அடிச்சு, மைதா சேக்காம அப்படியே ட்ரேல ஊத்திக்கலாம்.