ஏற்பு எப்போது ஏற்பு ஆகும்? கேள்வி பதில்

நிலாவெளி வாசகர்: ஐயா, அப்பா தன் காணிக்கு எனக்கு நன்கொடை உறுதி (சட்டப் பத்திரம்) எழுதினார். நான் அதில் கையொப்பமிடவில்லை. அப்பா இப்போது இல்லை, உறுதி செல்லாது என்கிறான் தம்பி.

பதில்: நன்கொடைக்கு இலங்கையில் பொதுவாக உரோம-டச்சுச் சட்டம்தான், ஒல்லாந்தர் காலத்தில் வந்தது. கொடுப்பவர் எழுதினால் மட்டும் போதாது, பெறுபவர் ஏற்கவும் வேண்டும், அதுவும் பொதுவாகக் கொடுத்தவர் உயிரோடு இருக்கையில். ஏற்கும்வரை அவர் மனம் மாறலாம். அதனால்தான் நொத்தாரிசுமார் (உறுதி எழுதி அத்தாட்சிப்படுத்துபவர்கள்) ‘நன்றியுடன் ஏற்றுக்கொள்கிறேன்’ என்று ஒரு வரி எழுதிப் பெறுபவரிடமும் கையொப்பம் வாங்குவார்கள். அந்த வரி இல்லையென்றால் எல்லாம் போச்சு என்றில்லை. அப்பா இருக்கும்போதே காணியை நீங்கள் பொறுப்பெடுத்தீர்களா, வேலி அடைத்தீர்களா, மூல உறுதி யார் கையில் இருந்தது, இதெல்லாம் பார்க்கப்படும். பழைய வரிப் பற்றுச்சீட்டு ஒன்றையும் எறியாதீர்கள்.

கிண்ணியா வாசகர்: தவறு. காணி என்றால் எல்லாம் எழுத்தில், 1840ஆம் ஆண்டுச் சட்டம்.

பதில்: நீங்கள் சொல்லும் அந்த 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் கேட்பது நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் உள்ள உறுதியை. ஏற்பை நடத்தையாலும் காட்டலாம்.

கிண்ணியா வாசகர்: தகப்பன் வீட்டில் பிள்ளை இருந்ததெல்லாம் ஏற்பா?

பதில்: இது நல்ல கேள்வி. தகப்பன் சீவிய உரித்தை (உயிருள்ளவரை அனுபவிக்கும் உரிமையை) வைத்துக்கொண்டு அதே வீட்டில் இருந்திருந்தால், பிள்ளையும் கூட இருந்தது என்பது மட்டும் பலவீனமான சான்றுதான். அதனால்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறேன், உறுதி எழுதும் அன்றே பெறுபவரும் போய்க் கையொப்பம் போடுங்கள்.

உப்புவெளி வாசகி: குளிர்சாதனப் பெட்டி இறக்கியதும் ‘நல்ல நிலையில் பெற்றேன்’ என்று கையொப்பம் வாங்கிவிட்டார்கள். திறந்தால் கதவு நெளிந்திருக்கிறது.

பதில்: 1896ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டப்படி, சோதித்துப் பார்க்க நியாயமான வாய்ப்புக் கிடைக்கும்வரை நீங்கள் பொருளை ஏற்றதாகாது. ஆனாலும் அந்தக் கையொப்பத்தைக் கடைக்காரர் உங்களுக்கு எதிராகக் காட்டுவார், தங்கச்சி. இன்றே படம் எடுத்து எழுத்தில் அறிவியுங்கள். பேசாமல் வைத்துப் பாவித்தால் ஏற்றதாகிவிடும். இனிமேல் பெட்டியைப் பிரிக்காமல் கையொப்பம் வேண்டாம்!

மூதூர் வாசகர்: ஒருவர் எனக்கு ஒரு பேரத்தைச் சொல்லி, ‘நாளைக்குள் பதில் இல்லையென்றால் சம்மதம்’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறார்.

பதில்: மௌனம் சம்மதமாகாது. மறுத்து ஒரு வரி போட்டுவிடுங்கள், தம்பி.

இன்னொருவர்: வாட்ஸ்அப்பில் காணி விலைக்கு ‘சரி’ போட்டேன், மாட்டிக்கொண்டேனா?

பதில்: இல்லை. 1840 சட்டம் மேலே இருக்கிறது, தயவுசெய்து வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

திருகோணமலை வாசகர்: மீன் ஏலத்தில் கேட்ட விலையை மாற்ற முடியுமா?

பதில்: ஏலக்காரர் முடித்துச் சொல்லும்வரை விலகலாம்.

வேறொருவர்: விவாகரத்துக்கு இருவரும் ஒத்துக்கொண்டால் போதுமா?

பதில்: பொதுச் சட்டப்படி போதாது. குடும்ப வழக்குப் பார்க்கும் சட்டத்தரணியிடம் போங்கள், அது என் துறை இல்லை.