அழைக்காமல் வரும் வைக்கோல் விருந்தாளிகள்

கேள்வி: அயர்லாந்தில் கிளேர் பக்கத்துக் கிராமத்தில், மகனுடைய நண்பனுக்குக் கல்யாணம். வைக்கோல் முகமூடிக்காரர்கள் அழைக்காமலே வருவார்களாமே?
- வாசகி, தேவகோட்டை

பதில்: வரட்டும் ஆச்சி, நல்ல சகுனம். 'ஸ்ட்ராபாய்ஸ்' என்று பெயர். முகம் மறைய, கூம்பாகக் கட்டிய வைக்கோல் தொப்பியோடு கூட்டமாக நுழைவார்கள். தலைவன் மணப்பெண்ணோடு ஆடுவான். இரண்டொரு ஆட்டம், ஒரு மடக்குக் குடி, கிளம்பிவிடுவார்கள். யாரென்று பார்க்க முகமூடியைத் தூக்காதீர்கள். தெரியாமல் இருப்பதுதான் வேடிக்கையே. தொப்பிக்குக் கையால் அறுத்த நீளமான வைக்கோல் தாள் வேண்டும். இயந்திரத்தில் அடிபட்டது நொறுங்கும், கட்டு நிற்காது.

கேள்வி: நமக்கு மார்கழி போல அங்கே கல்யாணம் ஆகாத மாதம் உண்டா?
- வாசகர், காரைக்குடி

பதில்: அந்தக் காலத்தில் இருந்தது. ஈஸ்டருக்கு முந்தைய 40 நாள் தவக்காலம். அதனால் அது தொடங்குவதற்கு முந்தைய செவ்வாய்க்குள் முண்டியடித்து முடித்தார்கள். தப்பிய பிரம்மச்சாரியின் முதுகில், தவக்காலத்து முதல் ஞாயிறன்று சாக்பீஸ் கோடு விழுந்தது! அப்போது சீதனமும் உண்டு, தரகர் வைத்துப் பேசினார்கள். நம் நகரத்தார் கல்யாண ஒப்பந்தமான இசைகுடிமானம் போல எழுதியும் வைத்தார்கள், ஓலையில் அல்ல, வக்கீலிடம். பணம் பெண்ணுக்கல்ல, மாப்பிள்ளை வீட்டுக்கு. பல வீடுகளில் அதே பணம் மாப்பிள்ளையின் தங்கைக்குச் சீதனமாகப் போய்விட்டது.