உங்கள் கன்னம்தான் பின்குறி

கேள்வி: ஈசூனில் வசிக்கிறேன். டிசம்பர் விடுமுறையில் மெல்பனுக்குப் போகும்போது, என் மச்சானின் சிக்கிமுக்கித் துப்பாக்கியை அவருடைய கிளப்பில் சுடுவேன். குழலின் வாய்வழியாக வெடிமருந்து கெட்டிக்கும் வகை. குழலுக்குள் குண்டைச் சுழற்றும் வரிப்பள்ளம் இல்லை, குறிபார்க்க நுனியில் ஒரு சின்ன மணி, கண்ணருகே இருக்க வேண்டிய பின்குறி கிடையாது. 25 மீட்டரில் என் குண்டுகள் 20 செ.மீ. மேலேயும் 10 செ.மீ. இடப்பக்கமும் விழுகின்றன. மச்சானுக்கு நடுவில் விழுகிறது. ஒருவர் மணியை ராவச் சொல்கிறார், இன்னொருவர் குழலை வளைத்துத் தருகிறேன் என்கிறார். எது சரி? இதேபோல் ஒன்றை வாங்கினால் சிங்கப்பூருக்கே கொண்டுவந்து தருவதாக ஏஜெண்ட் ஒருவரும் சொல்கிறார்.

பதில்: இரண்டும் வேண்டாம். விடையை நீங்களே கேள்விக்குள் வைத்திருக்கிறீர்கள். மச்சானுக்கு நடுவில் விழுகிறது என்றால் துப்பாக்கியில் கோளாறு இல்லை.

என்.எஸ்.ஸில், அதாவது தேசிய சேவையில், குறியைத் திருகிச் சரிசெய்து (ஸீரோ செய்து) பழகிய கை திருகாணியைத் தேடும். இதில் திருகாணி கிடையாது. பின்குறி இருக்க வேண்டிய இடத்தில் உங்கள் கண் இருக்கிறது, அந்தக் கண்ணைப் பிடித்து நிறுத்துவது கன்னம். கண் உயர்ந்தால் குண்டு உயரும், கண் இடப்பக்கம் போனால் குண்டும் அங்கேதான் போகும். வலக்கைக்காரர் தலையைத் துப்பாக்கியின் மரக்கட்டையின் மேல் முழுதாகச் சாய்க்காவிட்டால் இரண்டும் சேர்ந்து நடக்கும்.

எவ்வளவு தவறு என்று பார்ப்போம். கண்ணிலிருந்து மணிவரை ஏறக்குறைய 1.3 மீட்டர் என்று வையுங்கள். 25 மீட்டரில் 10 செ.மீ. விலக, கண் 5 மி.மீ. தள்ளியிருந்தால் போதும். ஒரு பென்சிலின் தடிமன்கூட இல்லை. 20 செ.மீ. உயர்வுக்கு ஒரு செ.மீ.

சுடுவதற்கு முன், வெற்றுத் துப்பாக்கியை, வெற்றுதான் என்று மச்சானையும் பார்க்கச் சொல்லிவிட்டு, கண்ணை மூடித் தோளில் ஏற்றுங்கள். கன்னம் மரத்தில் நன்றாகப் பதிந்தபின் கண்ணைத் திறங்கள். குழலின் மேற்பக்கம் நீண்ட சாலைபோலத் தெரிந்து, அதன் கடைசியில் மணி நிற்கிறதா? தலை உயர்ந்திருக்கிறது. சாலை வலமிருந்து இடமாகச் சாய்ந்து ஓடுகிறதா? கண் இடப்பக்கம் இருக்கிறது. சாலை ஏறக்குறைய மறைந்து, குழலின் பின்விளிம்பில் மணி உட்கார்ந்தது போலத் தெரியும்வரை தலையைச் சாய்த்துப் பழகுங்கள். அப்புறம் ஒரே அளவு மருந்து, குண்டைச் சுற்ற ஒரே தடிமன் துணி, ஒவ்வொரு வெடிக்கும் நடுவே ஈரத்துணியால் குழலைத் துடைத்து, ஐந்து குண்டு. ஐந்தும் ஓரிடத்தில் கூடாதவரை எதையும் திருத்தாதீர்கள்.

அரம் விஷயம். மணியை ராவினால் குண்டு இன்னும் மேலே போகும்! தாழ்வாகப் போகும் துப்பாக்கிக்குத்தான் அரம். முன்குறியை, அதாவது மணியை, தவறு நடந்த திசையிலேயே நகர்த்த வேண்டும். இடப்பக்கம் போனால் இடப்பக்கம், உயரமாகப் போனால் உயரமாக. நானே ஒருமுறை தலைகீழாக யோசித்து ராவிவிட்டு, புது மணி பற்றவைத்தேன். குழலை வளைப்பது பழைய கைவினைஞர்கள் செய்த வேலைதான். ஆனால் மச்சானின் குழலை உங்கள் கன்னத்துக்காக வளைப்பதா? அதற்குக் காசு கேட்பவரை வாசலோடு அனுப்புங்கள்.

ஒரு விலக்கு உண்டு. சிலர் வலக்கையால் சுடுவார்கள், ஆதிக்கக் கண் இடது. இரு கண்ணும் திறந்திருந்தால் இடது கண் குறிபார்த்துவிடும். எதிர் பிளாக்கின் எண்ணை இரு கண்ணும் திறந்து விரலால் சுட்டுங்கள். இடது கண்ணை மூடுங்கள். விரல் எண்ணைவிட்டு நகர்ந்தால் உங்களுக்கு இடது கண் ஆதிக்கம். இரு கண்ணுக்கும் இடையே 6 செ.மீ. என்றால் 25 மீட்டரில் ஒரு மீட்டருக்கு மேல் விலகும். உங்கள் விலகல் 10 செ.மீ.தான், ஆகவே இது உங்கள் பிரச்சினை அல்ல. இருந்தாலும் சோதித்துவிடுங்கள். சுடும்போது போடும் கண்ணாடியின் இடது பக்கத்தில் ஒரு துண்டு டேப் ஒட்டினால் தீரும் விஷயத்துக்கு வருடக்கணக்கில் துப்பாக்கியைத் திட்டியவர்களை எனக்குத் தெரியும்.

ஏஜெண்ட்டுக்கு வருவோம். “பழம்பொருள், லைசென்ஸ் வேண்டாம்” என்பார். நம்பாதீர்கள். நூறு வயதானாலும் துப்பாக்கி பூச்சாடி ஆகிவிடாது. இங்கே விளையாட்டுச் சுடுநர்களே துப்பாக்கியை வீட்டில் வைக்க முடியாது, கிளப்பின் ஆயுத அறையில்தான் பூட்டி வைக்கிறார்கள். பணம் கைமாறும் முன் காவல்துறையின் உரிமப் பிரிவுக்கு நீங்களே எழுதிக் கேளுங்கள், எழுத்திலேயே பதில் வாங்குங்கள். வாய்ச்சொல் வேண்டாம். போனில் ஒருவர் ஒன்று சொல்வார், மறுநாள் அடுத்தவர் வேறொன்று சொல்வார், படிவத்திலோ உங்கள் வகைத் துப்பாக்கிக்குக் கட்டமே இருக்காது. இதில் எனக்குப் பொறுமை போய்ப் பல வருடமாகிறது. சுங்கத்தில் பெட்டி திறக்கப்படும்போது ஏஜெண்ட் பக்கத்தில் நிற்க மாட்டார், பெறுநர் பெயர் உங்களுடையது. மருந்துப் பொடியை லக்கேஜில் போட்டுக்கொண்டு விமானம் ஏறுவது பற்றி யோசிக்கவும் வேண்டாம். மெல்பனில் மச்சானின் டப்பாவிலேயே இருக்கட்டும்.