குடிபெயர்ந்து வருவோருக்கு வீடு வடிவமைக்க விரும்பும் மகள்: ஒரு தாய்க்கு எழுதிய பதில்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில், இந்திய வம்சாவளியினர் நிறைந்த சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதியுள்ள அம்மையாருக்கு வணக்கம். பத்தாம் வகுப்பில் கணக்கு மதிப்பெண் குறைந்ததால் மகளை, அன்றாடத் தேவைக்கான எளிய கணக்கை மட்டும் கற்பிக்கும் 'மேத்ஸ் லிட்டரசி' பாடத்துக்கு மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து மாற்றாதீர்கள். கட்டடக்கலைக்கும் சிவில் எஞ்சினியரிங்குக்கும் அந்தப் பாடம் பெரும்பாலும் கதவை அடைத்துவிடும். டியூஷன் வைத்தாவது கணக்கைத் தொடரச் செய்யுங்கள்.

வேலை தேடிக் கிராமங்களிலிருந்து டர்பனுக்கு வருவோருக்கு வீடு வடிவமைக்க வேண்டும் என்ற அவள் விருப்பத்தை இளவயது இரக்கம் என்று ஒதுக்கிவிடாதீர்கள். அதில் தீர்க்கப்படாத தொழில்நுட்பச் சிக்கல்கள் நிறைய உள்ளன. 1994க்குப் பிறகு ஏழைகளுக்கு அரசு இலவசமாகக் கட்டித்தந்த, ஆர்.டி.பி. எனப்படும் வீடுகள் பெரும்பாலும் நிலம் மலிவான நகர விளிம்பில், ஒரே அச்சில், சுமார் 40 சதுர மீட்டரில் அமைந்ததால், வேலைக்குப் போய்வரும் டாக்சிச் (பலர் சேர்ந்து செல்லும் வேன்) செலவே கூலியில் பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. பக்கத்து மாகாணமான ஈஸ்டர்ன் கேப்பிலிருந்து வருபவர் முதலில் தனியாளாக வருவார், பிறகு தம்பி வருவான், மனைவி மக்கள் வருவார்கள். ஊரிலுள்ள வீட்டையும் அவர் விட்டுவிடுவதில்லை. ஆகவே ஓர் அறையில் தொடங்கி, மேல்தளத்தைத் தாங்கும் அஸ்திவாரத்தோடு, வாடகைக்கு விடத் தனி வாசலுள்ள அறையும் சேர்த்துக்கொள்ளக்கூடிய வீடே அவருக்குப் பொருந்தும். 2022 ஏப்ரல் வெள்ளம் டர்பனின் பால்மியட் ஆற்றங்கரைக் குடிசைகளை அடித்துச் சென்றதை நாம் கண்டோம்; இடத்தேர்வும் வடிகாலும் சுவரைவிட முந்தியவை. கேப் டவுனின் கயலிச்சா குடிசைப் பகுதியில் 'எம்பவர் ஷாக்' என்ற வீட்டுத் திட்டம், குடியிருப்போரோடு கலந்து மனைகளை மறுசீரமைத்து, இரண்டடுக்கு வீடுகளால் பாதைக்கும் வடிகாலுக்கும் இடம் மீட்டதை அவள் படிக்கட்டும்.

குவாசூலு-நட்டால் பல்கலைக்கழகத்தில் மூன்றாண்டு இளநிலையும் ஈராண்டு முதுநிலையும் முடித்து, குறைந்தது ஈராண்டுப் பயிற்சிக்குப் பின் தேர்வெழுதினால்தான் ஆர்க்கிடெக்டாகப் பதிவு செய்யலாம். நீண்ட பாதைதான். டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் வழியாகக் கட்டடக்கலைத் தொழில்நுட்ப வல்லுநராகலாம்; நகரத் திட்டமிடலுக்குள்ளும் நுழையலாம். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 3,50,000 ராண்டுக்குள் இருந்தால் என்.எஸ்.எஃப்.ஏ.எஸ். எனும் அரசின் மாணவர் நிதியுதவிக்கு விண்ணப்பிக்கலாம்.

வருமானத்தைப் பற்றி மறைக்காமல் சொல்கிறேன்: தனியார் மாளிகைகள் கட்டும் அலுவலகத்தில் கிடைப்பது இதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் மாநகராட்சி வீட்டுவசதித் துறை, திட்ட ஆலோசனை நிறுவனங்கள், தொண்டு அமைப்புகள் எனப் பணியிடங்கள் உண்டு. நிலச்சட்டமும் செலவுக் கணக்கும் இம்மாகாணத்தில் பெரும்பாலோர் பேசும் சூலு மொழியும் சரளமாகத் தெரிந்தவருக்கு மதிப்பு கூடுதல். சூலுவை அவள் இப்போதே தொடங்கட்டும்.

சேர்க்கைக்குப் பல இடங்களில் மாணவர் தாமே வரைந்த படங்களின் தொகுப்பு கேட்பார்கள். அதற்கு ஒரு யோசனை சொல்கிறேன். டர்பன் மாநகராட்சியின் இந்தியத் தொழிலாளர் குடியிருப்பான மேகசின் பராக்சிலிருந்து அகற்றப்பட்ட நம் குடும்பங்கள் 1960களில் சாட்ஸ்வொர்த்தின் நகராட்சி வீடுகளில் குடியேறி, பின்கட்டில் அறை, மேலே தளம், ஓரத்தில் பூஜையிடம் என்று சேர்த்துக்கொண்டே வந்தன. அப்படி ஒரு வீட்டை அவள் டேப் வைத்து அளந்து, எந்த அறை எந்த ஆண்டில், யாருடைய கல்யாணத்துக்காக, எந்தப் பணத்தில் எழுந்தது என்று பாட்டியிடம் கேட்டு, அளவுப்படி வரையட்டும். இந்த ஜூன்-ஜூலை விடுமுறையே அதற்குப் போதும்.