தைத்த விரல் எவ்வளவு தேறியிருக்கிறது? – கேள்வி பதில்

கையில் தசைநாண் (தசையை எலும்போடு இணைக்கும் நாண்) அறுந்து, அறுவை செய்து தைக்கப்பட்டவர்களுக்குப் பயிற்சி தரும் இயன்முறை சிகிச்சையாளர் நான். விரல் தேறுகிறதா என்பதை எப்படி அளப்பது என்று வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். இவை பொதுவான விளக்கங்கள். உங்கள் கையைத் தைத்த மருத்துவர் விதித்த கட்டுப்பாடு எதையும் இதைப் படித்துவிட்டுத் தளர்த்த வேண்டாம்.

கேள்வி: எனக்கு ஆள்காட்டி விரலின் மடக்கும் தசைநாணைத் தைத்திருக்கிறார்கள். ஒரே வாரத்தில் ஓரிடத்தில் ‘நடுத்தரம்’ என்றும் இன்னோரிடத்தில் ‘நன்று’ என்றும் எழுதிக் கொடுத்தார்கள். யார் சொல்வதை நம்புவது?

இருவர் சொன்னதும் சரியாக இருக்கலாம். உங்கள் நடுக்கணு 80 பாகை மடங்குகிறது, நுனிக்கணு 40 பாகை மடங்குகிறது, நடுக்கணு முழுதாக நீளாமல் 15 பாகை குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். ஸ்டிரிக்லேண்ட் என்ற கை அறுவை மருத்துவர் வகுத்த முறையில் மடங்கும் இரண்டு அளவுகளையும் கூட்டி, நீளாத குறையைக் கழித்தால் 105. இயல்பான விரலுக்கு இந்தக் கூட்டுத்தொகை 175 என்று கொள்கிறார்கள். ஆகவே நீங்கள் 60 விழுக்காட்டில் இருக்கிறீர்கள். ஸ்டிரிக்லேண்ட் 1980இல் தந்த பட்டியலில் 50 முதல் 69 வரை ‘நடுத்தரம்’. பின்னர் திருத்தப்பட்ட பட்டியலிலோ 50 முதல் 74 வரை ‘நன்று’. விரலும் எண்ணும் ஒன்றுதான், பெயர் மட்டும் மாறிவிட்டது.

அடிக்கணுவையும் சேர்த்துக் கூட்டி, மறு கையின் அதே விரலோடு ஒப்பிடும் முறையும் உண்டு. அதில் இன்னொரு விழுக்காடு வரும். அதனால், ‘நன்று’ என்ற சொல்லை வாங்கிக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். ஒவ்வொரு கணுவின் பாகையையும் அளந்த தேதியையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவர் பார்த்தாலும் அவருக்கு உதவுவது அந்தத் தாள்தான்.

கேள்வி: மறு கையால் அழுத்தினால் விரல் முழுதாக மடங்குகிறது. நானே மடக்கினால் பாதியில் நின்றுவிடுகிறது. பத்து வாரம் ஆகிறது. பயிற்சி போதவில்லையா?

இந்த இரண்டு அளவுகளுக்கும் இடையே உள்ள வித்தியாசத்தைத்தான் நான் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்கிறேன். பிறர் மடக்கினாலும் விரல் மடங்கவில்லை என்றால் கணு இறுகியிருக்கிறது என்று பொருள். பிறர் மடக்கும்போது முழுதாக மடங்கி, தானாக மட்டும் மடங்கவில்லை என்றால் கணுவில் தடையில்லை. தசையின் இழுப்பு விரல் நுனி வரை போய்ச் சேரவில்லை. அதற்குப் பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, தசைநாண் சுற்றியுள்ள திசுவோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. மற்றொன்று, தையல் விட்டுவிட்டது அல்லது இடைவெளி விழுந்து நீண்டுவிட்டது.

ஒட்டுதல் மெல்ல மெல்ல வரும். விரல் சிறிதாவது அசையும், முயன்றால் உள்ளே ஏதோ பிடித்து இழுப்பது தெரியும். தையல் விடுவது பெரும்பாலும் திடீரென நடக்கும். நேற்று வரை மடங்கிய கணு இன்று அசையவே மறுக்கும். கையைத் தளர்த்தி மேசையில் வைத்து, மணிக்கட்டை மெதுவாகப் பின்னால் சாய்க்கும்போது மற்ற விரல்கள் தாமாகவே உள்நோக்கி வளையும். தசைநாண் அறுந்த விரல் மட்டும் அவற்றோடு சேராமல் நீண்டு கிடக்கும். இந்தச் சோதனையை ஆரம்ப வாரங்களில் வீட்டில் செய்து பார்க்க வேண்டாம், சிகிச்சையாளர் செய்யட்டும். திடீரென்று அசைவு போனது என்றால் அடுத்த சந்திப்பு வரை காத்திருக்காமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

உள்ளங்கையின் கீழ்வரியிலிருந்து (விரல்களுக்கு அருகே குறுக்காக ஓடும் வரி) அந்த விரலின் நடு எலும்பின் பாதி வரை உள்ள பகுதியில் தசைநாண் அறுந்தவர்களுக்கு ஒட்டுதல் அதிகம். அங்கே இரண்டு தசைநாண்கள் ஒரே குறுகிய உறைக்குள் ஓடுகின்றன. அந்தப் பகுதியில் தைக்கவே கூடாது என்று ஒரு காலத்தில் அறுவை மருத்துவர்கள் ஒதுங்கியிருந்தார்கள். பயிற்சி எடுத்தும் பல வாரங்களாகப் பாகை ஒரே இடத்தில் நிற்கிறது, பிறர் மடக்கினால் மட்டும் முழுதாக மடங்குகிறது என்ற நிலை தொடர்ந்தால், ஒட்டுதலை விடுவிக்கும் அறுவையைப் பற்றி யோசிப்பார்கள். வழக்கமாக முதல் மூன்று மாதம் கடக்கும் முன் அதைச் செய்வதில்லை. அந்த முடிவை எடுக்க வாராவாரம் எழுதிய எண்கள் வேண்டும். பத்தாம் வாரத்தில் ஒருமுறை அளந்ததை மட்டும் வைத்து யாராலும் அதைத் தீர்மானிக்க முடியாது.

கேள்வி: நான்கு வாரத்திலேயே விரல் அழகாக மடங்குகிறது. கையில் போட்டிருக்கும் தாங்குகட்டான ஸ்பிளின்ட்டைச் சீக்கிரம் கழற்றலாமா?

கூடாது. ஆரம்பத்திலேயே நன்றாக மடங்கும் விரலை நாங்கள் கூடுதல் காலம் பாதுகாப்போம். ஒட்டுதல் குறைவு என்பதால்தான் அது அப்படி வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. இழுவிசையைப் பகிர்ந்துகொள்ள ஒட்டுதல் இல்லாதபோது முழுச் சுமையும் தையலின்மேல் விழுகிறது. இறுகிப்போன விரலுக்குத்தான் சற்று முன்னதாகவே பயிற்சியின் வேகத்தைக் கூட்டுவோம். கேட்பவர்களுக்கு இது தலைகீழாகத் தோன்றும், ஆனால் தையல் விடும் ஆபத்து கூடுதலாக இருப்பது இந்த முதல் வாரங்களில்தான். நன்றாக இருக்கிறது என்ற நம்பிக்கையில் வாளியைத் தூக்கிவிடாதீர்கள்.

கேள்வி: பிடிவலிமையை எப்போது அளப்பீர்கள்?

மடக்கும் தசைநாணைத் தைத்தவர்களுக்குப் பொதுவாகப் பன்னிரண்டு வாரத்தை ஒட்டி, மருத்துவர் அனுமதித்த பிறகு. முழு பலத்தோடு கருவியை அழுத்தச் சொல்வதே தைத்த இடத்துக்குப் பெரிய சோதனை.

கேள்வி: இயன்முறை படிக்கும் மாணவி நான். நான் அளந்தால் 70, என் ஆசிரியர் அளந்தால் 75. யார் தவறு?

யார் தவறும் இல்லை. விரல் கணுவை அளப்பதில் ஐந்து பாகை அளவுக்கு ஏற்ற இறக்கம் வருவது இயல்பு. நோயாளியிடம் ‘இந்த வாரம் நான்கு பாகை முன்னேற்றம்’ என்று சொல்லும் முன் இதை நினைவில் வையுங்கள். பாவம், அவர் அந்த நான்கு பாகையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாரம் வாழ்வார்.

முடிந்தவரை ஒரே ஆள், ஒரே கோணமானி, ஒரே மணிக்கட்டு நிலை. மணிக்கட்டு எந்த நிலையில் இருந்தது என்பதையும் குறித்துவையுங்கள். அது மாறினால் தசைநாணின் இழுப்பு மாறிவிடும். பயிற்சிக்கு முன்பா பின்பா என்பதையும் எழுதுங்கள். வெதுவெதுப்பாகி இளகிய விரல் காலையில் வந்த விரலைவிட அதிகம் மடங்கும். தானாக மடக்கும் அளவை முதலில் எடுத்துவிட்டு, பிறகு நீங்கள் மடக்கி அளக்கலாம்.

கேள்வி: வீட்டில் நானே அளக்க வழி உண்டா?

அசைவுக்கு அனுமதி கிடைத்த பின், விரலைத் தானாக மடக்கி, நுனிக்கும் உள்ளங்கையின் கீழ்வரிக்கும் இடையே எத்தனை சென்டிமீட்டர் என்று அளவுகோலால் பாருங்கள். வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில், பக்கவாட்டில் ஒரு புகைப்படத்தோடு. தினமும் அளந்தால் மனம்தான் சோர்ந்துபோகும்.

கேள்வி: என் மகனுக்கு நான்கு வயது. கோணமானியைக் கண்டாலே கையை இழுத்துக்கொள்கிறான்.

வற்புறுத்தாதீர்கள், அம்மா. அவன் விளையாடும்போது இரு கைகளும் தெரியும்படி காணொளி எடுத்து வாருங்கள். சிறு பொருளை எடுக்கும்போது அந்த விரலைச் சேர்த்துக்கொள்கிறானா, ஒதுக்கி வைக்கிறானா என்பதிலிருந்து நாங்கள் பலவற்றைத் தெரிந்துகொள்வோம்.

கேள்வி: பாகைக் கணக்கில் எனக்கு ‘மிக நன்று’. ஆனால் சட்டைப் பொத்தானைப் போட முடியவில்லை, குளிரில் விரல் வலிக்கிறது. சொன்னால் ‘எண் நன்றாக இருக்கிறதே’ என்கிறார்கள்.

உங்கள் குறை உண்மையானது. பாகைக் கணக்கு விரல் எவ்வளவு மடங்குகிறது என்பதை மட்டும் சொல்கிறது. தசைநாணோடு பக்கத்து நரம்பும் அறுந்திருந்தால் நுனியில் உணர்வு குறையும். அப்போது பொத்தான் விரலுக்குத் தெரியாது. குளிர் தாங்காமையும் அத்தகைய காயங்களுக்குப் பின் அடிக்கடி காணப்படுவதுதான். நுனியில் இரண்டு புள்ளிகளைத் தனித்தனியாக உணரும் சோதனையைச் செய்யச் சொல்லிக் கேளுங்கள். ஆறு மில்லிமீட்டருக்குக் குறைவான இடைவெளியிலேயே பிரித்தறிய முடிந்தால் அது இயல்பு.

அதோடு ‘டாஷ்’ என்ற வினாத்தாளையும் கேளுங்கள். முப்பது கேள்விகள். மூடியைத் திறப்பது, எழுதுவது, தூக்கம், வலி என்று அன்றாடத்தைப் பற்றி நீங்களே மதிப்பெண் தருவீர்கள். 0 என்றால் சிரமமே இல்லை, 100 என்றால் கடும் சிரமம். தோள் முதல் விரல் வரை முழுக் கைக்கும் பொதுவானது என்பதால் ஒற்றை விரலின் சிறு குறைகள் அதில் தப்பிவிடுவதுண்டு. ஆகவே பொத்தான் விஷயத்தைத் தனியாகச் சொல்லி, கோப்பில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை வரும்போது ஒரு சட்டையையும் கொண்டு வந்து, அவர்கள் கண்முன்னே போட்டுக் காட்டுங்கள்.