வாசலில் மூன்று போர்டு, மூன்றுக்கும் மூன்று அர்த்தம்

கேள்வி: மார்த்தாண்டத்தில் ஒரு தனியார் மருத்துவமனையில் என்.ஏ.பி.எச். தரச்சான்றும், முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட போர்டும் மாட்டியிருக்கிறார்கள். அப்படியென்றால் அரசே சோதித்து, நல்ல மருத்துவமனை என்று சொன்னதாகத்தானே அர்த்தம்?

இல்லை. தக்கலைப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் நாலு வருஷம் தர நிர்வாகப் பிரிவில் ஃபைல் தூக்கியவன் என்பதால் இதைக் கொஞ்சம் தைரியமாகவே சொல்கிறேன்.

முதலில் நீங்கள் சொல்லாமல் விட்ட ஒரு காகிதம் இருக்கிறது. ரிசப்ஷனுக்குப் பின்னால் எங்கேயாவது ஃபிரேம் போட்டு மாட்டியிருப்பார்கள், யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. அது மருத்துவ நிறுவனப் பதிவுச் சான்று. ஆஸ்பத்திரி நடத்தவே அது வேண்டும், மாவட்டத்து ஜே.டி. ஆபீஸ், அதாவது மருத்துவப் பணிகள் இணை இயக்குநர் அலுவலகம் வழியாக வாங்க வேண்டும். இதற்கான சட்டம் தமிழ்நாட்டில் 1997-லேயே வந்துவிட்டது, ஆனால் அதற்கான விதிகள் 2018-ல்தான் வந்தன. 21 வருஷம்! சட்டம் வந்த வருஷம் பிறந்த பிள்ளை நர்சிங் படித்து முடித்து வேலைக்கே வந்திருக்கும். ஆக, அரசு கட்டாயமாகப் பார்ப்பது இதைத்தான். இதுவும் குறைந்தபட்சத் தகுதிதான், நல்ல ஆஸ்பத்திரி என்பதற்கான சர்டிபிகேட் இல்லை.

என்.ஏ.பி.எச். என்பது இந்தியத் தரக் குழுமத்தின் கீழ் இருக்கும் ஒரு வாரியம் கொடுப்பது. விருப்பம் இருந்தால் ஆஸ்பத்திரிதான் பணம் கட்டி விண்ணப்பிக்கும். அவர்கள் வந்து பார்ப்பது, வேலை ஒரு முறைப்படி நடக்கிறதா என்று. நோயாளி கையில் பெயர்ப் பட்டை இருக்கிறதா, பெயர் ஒரேமாதிரி ஒலிக்கும் மருந்துகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறார்களா, அவசர மருந்து வண்டியைத் தினமும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறார்களா, ஒப்புதல் படிவம் நோயாளிக்குப் புரியும் மொழியில் இருக்கிறதா, இப்படி. ஆய்வுக்கு ஒரு மாதம் முன்னால் நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, விட்டுப்போன ரிஜிஸ்டர் எல்லாம் ராத்திரி உட்கார்ந்து நிரப்பியது, கை கழுவும் படிகளை ஆயா முதல் டாக்டர் வரை மனப்பாடம் செய்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். நாடகம் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் மீதிப் பாதி உண்மையிலேயே ஒட்டிக்கொண்டது. மருந்து மாற்றிக் கொடுத்தால் முன்பெல்லாம் கமுக்கமாக மூடிவிடுவோம், அப்புறம் அதை எழுதிவைத்து ஏன் நடந்தது என்று பேச ஆரம்பித்தோம். அந்த ஒன்றுக்காகவே நான் என்.ஏ.பி.எச்.சைக் குறை சொல்ல மாட்டேன். உங்களுக்கு ஆபரேஷன் செய்யும் டாக்டர் கெட்டிக்காரரா என்பதை மட்டும் அது சொல்லாது. அரசு ஆஸ்பத்திரிகளுக்கும் தேசியத் தர உறுதிச் சான்று என்று தனியாக ஒன்று இருக்கிறது, அந்த போர்டையும் பார்த்திருப்பீர்கள்.

சரி, ஆஸ்பத்திரிக்காரர்கள் ஏன் இவ்வளவு கஷ்டப்பட்டு வாங்குகிறார்கள்? இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் கேட்கும். மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் தரச்சான்று உள்ள இடத்துக்கு பேக்கேஜ் தொகையே, அதாவது ஒரு சிகிச்சைக்கு மொத்தமாகக் கட்டும் தொகையே, கொஞ்சம் கூடுதலாக வரும்படி வைத்தார்கள். ஆக, தரத்துக்குப் பின்னால் துட்டும் இருக்கிறது, அதில் தப்பும் இல்லை.

மூன்றாவது, காப்பீட்டுத் திட்ட போர்டு. அது உங்கள் பில்லை யார் கட்டுவார் என்பதைச் சொல்வது, அவ்வளவுதான். 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாக வந்தது, 2012-ல் முதலமைச்சரின் விரிவான திட்டமாக மாறியது, 2018-ல் ஆயுஷ்மான் பாரத்தோடு சேர்ந்தது. இப்போது குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரை, ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஒவ்வொரு சிகிச்சைக்கும் ஒரு பேக்கேஜ், முதலில் அப்ரூவல் வாங்க வேண்டும். படுக்கை, மருந்து, டெஸ்ட், உள்ளே வைக்கும் பொருள் எல்லாம் அந்தத் தொகைக்குள் அடக்கம்.

இங்கேதான் எங்கள் மாமா மாட்டினார். குலசேகரம் பக்கம் ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளி. நெஞ்சுவலி என்று ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம், எது என்று சொல்லப் போவதில்லை. கார்டு செல்லும் என்றார்கள், அப்ரூவலும் வந்தது. அப்புறம் ஒருவர் வந்து, "திட்டத்துல வர்ற ஸ்டென்ட் சாதாரணம், நல்லது வேணும்னா 40,000 கட்டணும்" என்றார். அத்தை உடனே கம்மலைக் கழற்றிவிட்டாள். ஸ்டென்ட் என்பது இதய ரத்தக்குழாய் அடைப்பை விரித்துவைக்கும் சின்னக் கம்பிவலைக் குழாய். அது ஒன்றும் கண்ட விலைக்கு விற்கும் பொருள் இல்லை, 2017 பிப்ரவரியில் மத்திய அரசு விலைக்கு உச்சவரம்பு போட்டது, மருந்து பூசியதற்கே அப்போது 29,600 ரூபாய்தான், 2018-ல் கொஞ்சம் குறைத்தார்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். நான் சண்டை எதுவும் போடவில்லை. "கட்டுறோம் சார், இந்தத் தொகைக்கு ஆஸ்பத்திரி பேர்ல ரசீது குடுங்க" என்றேன். அரை மணி நேரம் கழித்து அதே ஆள் வந்து, டாக்டரே இது போதும் என்று சொல்லிவிட்டதாகச் சொன்னார். கம்மல் தப்பியது. மாமா மறுபடி பால்வெட்டப் போகும் அளவுக்கு இல்லை என்றாலும் நன்றாகவே இருக்கிறார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கென்று ஒரு தலைவலியும் உண்டு. களியக்காவிளை தாண்டினால் திருவனந்தபுரம், நமக்கு மதுரையைவிட அதுதான் பக்கம், பெரிய வியாதி என்றாலே வண்டி அந்தப் பக்கம்தான் திரும்பும். ஆனால் 1956 நவம்பர் 1-ல் கேரளாவுக்கும் நமக்கும் நடுவே போட்ட எல்லைக் கோடு இன்றைக்கும் பில் கவுண்டரில் வந்து நிற்கும். அங்கே நடைமுறை வேறு, திட்டம் வேறு. விபத்து நடந்தால் முதல் 48 மணி நேரச் சிகிச்சையைத் தமிழ்நாடு அரசு பார்த்துக்கொள்ளும் 'இன்னுயிர் காப்போம்' கூட தமிழ்நாட்டு எல்லைக்குள் நடக்கும் விபத்துக்குத்தான். அதனால் ஆம்புலன்ஸ் ஏறும் முன்பே போன் செய்து, நம் கார்டு அங்கே செல்லுமா, நமக்கு வேண்டிய சிகிச்சைக்குச் செல்லுமா என்று இரண்டையும் கேளுங்கள். நிறைய பேர் முதல் கேள்வியோடு நிறுத்திவிடுவார்கள்.

தகராறு வந்தால் எங்கே போவது என்றால், திட்டத்தில் பணம் கேட்டால் 1800 425 3993, ஆஸ்பத்திரி நடத்தும் விதத்தில் குறை என்றால் ஜே.டி. ஆபீஸ், டாக்டர் மேல் புகார் என்றால் தமிழ்நாடு மருத்துவக் கவுன்சில், நீங்களே பிரீமியம் கட்டும் பாலிசி என்றால் முதலில் கம்பெனி, அங்கே ஆகவில்லையென்றால் இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேன் என்ற குறைதீர்ப்பாளர். காசு கொடுத்து வாங்கிய சிகிச்சைக்கு நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம், உச்ச நீதிமன்றம் 1995-லேயே அப்படிச் சொல்லிவிட்டது. எங்கே போனாலும் முதலில் கேட்பது அந்த ரசீதைத்தான்.