நாய் வலி மாத்திரையை விழுங்கினால்: கால்நடை மருத்துவர் பதில்கள்

மார்த்தாண்டம்: டாக்டரே, எட்டு கிலோ ஸ்பிட்ஸ். அரை மணி நேரம் முன்ன காம்பிஃபிளாம் ஒண்ணு முழுங்கிட்டு. நல்லாத்தான் ஓடிட்டு நிக்கு. என்ன செய்ய?

பதில்: கால்நடை மருத்துவமனைக்குக் கிளம்புங்கள், மீதியை வழியில் படிக்கலாம். அந்த மாத்திரையில் ஐபுபுரோஃபென் 400 மி.கி., பாராசிட்டமால் 325 மி.கி. உங்கள் நாய்க்கு ஐபுபுரோஃபென் மட்டும் கிலோவுக்கு 50 மி.கி. ஆகிறது. 25-ஐத் தாண்டினாலே வாந்தியும் வயிற்றுப்புண்ணும் வரலாம். 175-ஐத் தாண்டினால் சிறுநீரகம் கெடும். வயிற்றின் உட்சவ்வைக் காக்கும் புரோஸ்டாகிளாண்டினை இது தடுத்துவிடும். புண் உள்ளே வளரும்போதும் நாய் வாலாட்டிக்கொண்டு நிற்கும். கறுப்பு மலமும் காப்பித்தூள் நிற வாந்தியும் பிறகுதான். இரண்டு மணி நேரத்துக்குள் போனால் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைக்கலாம். மாத்திரை அட்டையை மறக்காதீர்கள்.

தக்கலை: உப்புத்தண்ணி கலக்கிக் குடுத்தா வாந்தி வருமே?

பதில்: ரத்தத்தில் சோடியம் ஏறி வலிப்பும் வரும். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம். மெடிக்கலில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம், உணவுக்குழாயைப் புண்ணாக்கும்.

குலசேகரம்: சிரட்டைக்கரியைப் பொடிச்சுக் குடுத்தா விஷத்தை இழுத்திராதா?

பதில்: இழுக்காது.

குலசேகரம்: தண்ணி ஃபில்டர்ல கிடக்கதும் சிரட்டைக்கரிதானே?

பதில்: நியாயமான கேள்வி. அது 800 டிகிரிக்கு மேல் நீராவி செலுத்தி நுண்துளைகளைத் திறந்த கரி. மருந்து அந்தத் துளைகளில்தான் ஒட்டும். அடுப்புக்கரியில் அவ்வளவு துளை கிடையாது. மருந்துக்கடைக் கரியே கிலோவுக்கு 1 முதல் 2 கிராம் வேண்டும். எட்டு கிலோவுக்கு 250 மி.கி. மாத்திரை 32-க்குக் குறையாது. அதைக் கரைத்து, ஓங்கரிக்கிற நாயின் வாயில் ஊற்றினால் நுரையீரலுக்குள் இறங்கிவிடும். தவிர, ஐபுபுரோஃபென் பித்தநீரோடு குடலுக்கே திரும்பி வருவதால் ஒரு வேளைக் கரி போதாமல் போகலாம்.

குலசேகரம்: எங்க வீட்டுப் பசுவுக்கெல்லாம் குடுத்திருக்கோமே...

பதில்: பசு அசைபோடும், நாய் போடாது. கரியை இத்தோடு விடுவோம்.

குளச்சல்: காய்ச்சலுக்கு டோலோ பாதி?

பதில்: எடை பார்த்து மருத்துவர் எழுதித் தராமல் கால் துண்டும் வேண்டாம். டோலோவில் இருப்பதும் பாராசிட்டமால்தான்; கிலோவுக்கு 100 மி.கி.யில் கல்லீரல் கெடலாம். அந்த விஷத்தை முறிக்கும் மருந்து அசிட்டைல்சிஸ்டீன்; எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன்.

கருங்கல்: பூனைக்கு?

பதில்: ஒரே பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். ஈறு பழுப்பாகும் வரை காத்திருக்காதீர்கள்.

குழித்துறை: நேத்து ராத்திரி ஏதோ வலி மாத்திரை தின்னுட்டு, இப்ப நல்லாத்தான் இருக்கு. விட்டிரலாமா?

பதில்: மார்த்தாண்டத்துக்காரருக்கு எழுதியதைப் படிக்கவில்லையா? வாந்தி எடுக்கவைக்கும் நேரம் போய்விட்டது. டிரிப்ஸும் புண்ணுக்கான மருந்தும் இன்னும் உதவும். "ஏதோ" மாத்திரைக்கு என்ன கொடுப்பது? அட்டையைத் தேடி எடுத்துக்கொண்டு போங்கள்.